வில்லங்கமில்லாத ஐந்து ஏக்கர்

திண்டிவனம்,
9 பிப்ரவரி 2023

அன்புள்ள அம்சா,

உன் மகன் சேரன் நேற்று வீட்டுக்கு வந்து உன் கடிதத்தைக் கையில் கொடுத்தான். நீ அமெரிக்கா போன ஆறு வருடத்தில் இது ஐந்தாவது கடிதம். தேதி போடவில்லை. மதர் கிளேர் பார்த்திருந்தால் போர்டிங் வராந்தாவில் உன்னை முட்டி போட வைத்து மறுபடி எழுதச் சொல்லியிருப்பார்கள்.

எனக்குப் பெரிய குறை ஒன்றும் இல்லை. முழங்கால்தான் சொன்னபடி கேட்பதில்லை. அவர் காலமாகிப் பதினோரு வருடம் ஆகிவிட்டது. வீட்டில் நான் ஒருத்திதான், அதனால் எதுவும் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கிறது.

சேரன் வந்தது என்னைப் பார்க்க மட்டும் இல்லை என்பது உனக்குத் தெரிந்திருக்கும். பைபாஸ் ஓரத்துக் கல்யாண மண்டபத்தில் திரை கட்டி உங்கள் ஹாலோவே கவுண்டியைப் படம் போட்டுக் காட்டினான். கவுண்டி என்றால் நம் மாவட்டம் போலவாம். "பாலைவனம்தான் ஆன்ட்டி, துபாயும் பாலைவனம்தான்" என்கிறான். இங்கே பைபாஸில் ஒரு சென்ட் வாங்கும் பணத்தில் அங்கே ஐந்து ஏக்கராம். வரி மிகக் குறைவாம். சோலார் கம்பெனியும் பேட்டரித் தொழிற்சாலையும் வருகின்றனவாம். மூன்று வருடத்தில் அவர்களே தேடி வந்து பல மடங்கு விலைக்கு வாங்கிக்கொள்வார்களாம்.

மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் மேம்பாலத்துக்கு வீட்டையோ நிலத்தையோ கொடுத்துவிட்டு நஷ்டஈட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்கள். எல்லோரும் படத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஏன் என்று உனக்குத் தெரியும். பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் இருந்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் இந்த ஊரில் நிலம் வாங்குகிறவர்கள் பத்திரத்தை முதலில் என் மேசைக்குத்தான் கொண்டுவருகிறார்கள். நான் பார்த்துச் 'சரி' என்று சொன்ன பத்திரத்தில் இதுவரை ஒருவரும் ஒரு அடி மண்ணை இழந்ததில்லை. பெருமைக்காக எழுதவில்லை. பெருமைதான், எழுதினால் என்ன.

அவர்களில் வீரம்மாள் என்று ஒருத்தி. நம் காலத்துக்குப் பிறகு கான்வென்ட் சமையற்கட்டில் இருபத்தெட்டு வருடம் வேலை செய்தவள். அவள் அப்பா, தாத்தா எல்லோரும் கெடார் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு மல்லாட்டை பிடுங்கியவர்கள். அவளுக்கென்று இருந்த ஒரு மனையும் மேம்பாலத்துக்குப் போயிற்று. இப்போது அக்கா மகன் வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கிறாள். தன் பேரில் ஒரு காணி நிலம் இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவள் வாழ்க்கையில் வேறொன்றும் கேட்டு நான் பார்த்ததில்லை. "அம்மா, நீங்க பாத்து சரின்னா சரிம்மா, இல்லன்னா இல்ல" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

ஆகவே மூன்று விஷயம் உன்னிடம் கேட்கிறேன். நீ அங்கேயே இருக்கிறாய், கண்டாச்சிபுரத்து விவசாயக் குடும்பத்துப் பெண், உனக்கு நிலம் தெரியும். தண்ணீர் எத்தனை அடியில், உப்பா நல்லதா? பாதை உண்டா? மூன்றாவது, உனக்கு அங்கே பிடித்திருக்கிறதா?

அன்புடன்,
செல்வி

*

ஹாலோவே கவுண்டி,
20 மார்ச் 2023

என் அன்புச் செல்விக்கு,

தேதி போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்.

உன் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்குப் பசி வந்துவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் போர்டிங்கில் வேகவைத்த மல்லாட்டையைப் பாவாடையில் கட்டிக்கொண்டு போய் குளியலறையில் வைத்துத் தின்றோமே. நீ ஒவ்வொன்றாக எண்ணிச் சரிபாதி பிரிப்பாய். இங்கே மல்லாட்டை 'பீநட்' என்று டப்பாவில் வருகிறது, சர்க்கரை போட்டு. வாயில் வைக்க முடியவில்லை.

இந்த இடம் மிகவும் அமைதியானது. வானம் நம் ஊர் வானத்தைவிட நாலு மடங்கு பெரிசு. கவுண்டியின் பொருளாதாரம் வேகமாக வளர்ந்து வருகிறது. நிலத்தின் மதிப்பு ஆண்டுதோறும் சீராக உயர்கிறது. புதிய நெடுஞ்சாலை வரவிருப்பதால் முதலீட்டாளர்களின் கவனம் இப்பகுதியின் மீது திரும்பியுள்ளது. குறைந்த சொத்து வரி நீண்ட கால முதலீட்டுக்கு மிகவும் உகந்தது.

சேரன் நன்றாக உழைக்கிறான். அவனுக்கு ஒரு வழி பிறந்தால் போதும் என்று கும்பிடாத சாமி இல்லை. நான் அவனுடைய ஆபீசுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் இருக்கிறேன். வாங்க வருகிறவர்களிடம் "எங்கம்மாவே இங்கதான் இருக்காங்க" என்று காட்டுவான். நானும் சிரித்துக்கொண்டு காப்பி கொடுப்பேன்.

உன் முழங்காலுக்குக் கடுகெண்ணெய் தேய். வெட்கப்படாமல் குச்சி ஊன்றி நட.

உன்,
அம்சா

*

திண்டிவனம்,
2 மே 2023

அன்புள்ள அம்சா,

"முதலீட்டாளர்களின் கவனம் இப்பகுதியின் மீது திரும்பியுள்ளது." ஏனடி, நீ எப்போதிலிருந்து இப்படிப் பேச ஆரம்பித்தாய்? சேரன் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதினாயா? வானத்தைப் பற்றி எழுதியது நீ, வரியைப் பற்றி எழுதியது அவன் என்று தெரியாத அளவுக்கு எனக்கு வயதாகிவிடவில்லை. போகட்டும், மகனுக்கு உதவுகிறாய்.

நான் என் வேலையை முறையாகச் செய்துவிட்டேன். சேரன் கொடுத்த காகிதத்தை நம்பாமல், அந்தக் கவுண்டியின் பதிவு அலுவலகத்துக்கு நானே ஆங்கிலத்தில் கடிதம் எழுதி, மூல ஆவணமும் வில்லங்கச் சான்றும் கேட்டேன். ஐந்தே வாரத்தில் முத்திரை குத்திய நகல்கள் வந்துவிட்டன, மரியாதையான ஒரு கடிதத்தோடு. நம் ஆட்கள் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். எழுபது வருடத்து வில்லங்கம் பார்த்தேன். அடமானம் இல்லை, வழக்கு இல்லை, இரட்டைக் கிரயம் இல்லை, விற்றவர்கள் எல்லோரும் உயிரோடு இருந்தபோதுதான் விற்றிருக்கிறார்கள். இவ்வளவு சுத்தமான பத்திரத்தை என் உத்தியோகக் காலத்திலேயே நான் பார்த்ததில்லை.

அதனால் 'சரி' என்று சொன்னேன். ஒன்பது பேர் என் முன்னறையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள். வங்கி வழியாக முறைப்படி எல்லாம் நடந்தது. சேரன் எனக்கென்று ஒரு உறை நீட்டினான். எடுத்துக்கொண்டு போ என்றேன். நான் தரகர் இல்லை.

வீரம்மாள் கையெழுத்துப் போடும் முன் கேட்டாள், "பாலைவனம்னா இன்னாம்மா, வெறும் மணலா?"

"மணலும் கல்லும்."

"மல்லாட்டைக்கு மணல்தானேம்மா நல்லது?"

ஒன்பது பேரில் ஒருவரான கெடார் நடராசன் சிரித்துவிட்டார். "யக்கா, பிளேன்ல போயி களை எடுப்பியா நீ?"

"நீ எதுக்கு கீற? உன்ன கூலிக்கு வெச்சிக்கறேன் வா" என்றாள் அவள். அறை முழுதும் சிரிப்பு. அவள் குடும்பத்தில் யாரும் நிலக்காரர்களான நடராசன் வீட்டாரிடம் இப்படிப் பேசியிருக்க மாட்டார்கள். அவரும் கோபப்படவில்லை. எனக்கு அன்று மனதுக்கு நிறைவாக இருந்தது.

தண்ணீரைப் பற்றியும் பாதையைப் பற்றியும் கேட்டிருந்தேன். நீ எழுதவில்லை. மறந்திருப்பாய். அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
செல்வி

*

ஹாலோவே கவுண்டி,
18 டிசம்பர் 2023

அன்புச் செல்வி,

இத்தனை மாதம் எழுதாமல் இருந்ததற்குத் திட்டாதே. திட்டினாலும் பரவாயில்லை, எழுது.

இங்கே குளிர்காலம். வெயிலில் வெந்து போகிற இடம் குளிரிலும் இப்படிக் கடிக்கும் என்று யாரும் சொல்லவில்லை. காற்று விடாமல் அடிக்கிறது. இந்த வீடு தகர வீடு, சக்கரத்தின் மேல் நிற்பது. ராத்திரி எங்கேயோ போய்க்கொண்டிருப்பது மாதிரி ஆடும், காலையில் அதே இடத்தில் இருக்கும்.

சேரனின் ஆபீசை விட்டால் பக்கத்து வீடு மூன்று மைல். அந்த வீட்டுக் கிழவர் ஆகஸ்டில் மகளோடு போய்விட்டார். போகும்போது அவருடைய நாயை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். அதோடு தமிழில்தான் பேசுகிறேன். புரிந்துகொள்கிறது.

சேரன் வேலையாக வெளியூர் போயிருக்கிறான். ஃபோன் டவர் இங்கே எடுப்பதில்லை. நீ கூப்பிட்டுப் பார்த்திருந்தால் கிடைத்திருக்காது.

செல்வி, ஒன்று சொல்கிறேன். அவன் மறுபடி திண்டிவனம் வந்து கூட்டம் போட்டால், இத்தோடு போதும் என்று சொல்லிவிடு. புதிதாக யாரையும் சேர்க்க வேண்டாம். நான் சொன்னதாகச் சொல்லாதே.

மார்கழி பிறந்திருக்கும் அங்கே. தெருவில் யார் கோலம் பெரிசு என்று எழுது.

உன்,
அம்சா

*

திண்டிவனம்,
29 ஜனவரி 2024

அம்சா,

கோலத்தைப் பற்றி எழுத எனக்குப் பொறுமை இல்லை. ஏன் இத்தோடு போதும்?

வீரம்மாளுக்கும் மற்றவர்களுக்கும் அந்தக் கவுண்டியிலிருந்து வரி நோட்டீஸ் வந்திருக்கிறது. வந்ததில் தவறில்லை; நிலம் வைத்திருப்பவருக்கு வரி வரத்தான் செய்யும். வீரம்மாள் அந்த நோட்டீசைப் பார்த்து அழுதாள், துக்கத்தில் இல்லை. "கெவருமெண்டு என் பேருக்குக் கடுதாசி போட்டுக்கீது பாருங்கம்மா" என்று தெரு முழுக்கக் காட்டினாள். கட்டிவிட்டோம். ஆனால் அதைப் பற்றிக் கேட்கலாம் என்று சேரனைக் கூப்பிட்டால் அந்த எண்ணே உபயோகத்தில் இல்லை என்கிறது. விழுப்புரத்தில் அவன் திறந்த அலுவலகம் பூட்டிக் கிடக்கிறது. நடராசன் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

உன்னிடம் ஒரு வருடத்துக்கு முன் தண்ணீர் பற்றிக் கேட்டேன். மறந்திருப்பாய் என்று நானே உனக்காகக் காரணம் சொல்லிக்கொண்டேன். ஒரு கட்டம் நிரப்பாமல் வந்த படிவத்தை நான் முப்பத்தொரு வருடமும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மழையில் நடந்து வந்தவர்களைக்கூட. உன்னுடையதைத்தான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

இந்தக் கடிதத்துக்கு வானம், நாய், குளிர் எதுவும் வேண்டாம். அந்த நிலத்தில் தண்ணீர் உண்டா? போக வழி உண்டா? உண்டு, இல்லை என்று எழுது.

செல்வி

*

ஹாலோவே கவுண்டி,
2 ஏப்ரல் 2024

செல்வி,

இல்லை. இல்லை.

கேட்டபடி எழுதிவிட்டேன். மற்றதையும் எழுதிவிடுகிறேன், இனி மறைத்து என்ன.

எண்ணூறு அடி தோண்டினால் கிடைக்கலாம், கிடைத்தாலும் குடிக்க முடியாது என்கிறார்கள். எனக்கே வாரம் ஒரு முறை லாரியில் கொண்டுவந்து தொட்டியில் ஊற்றுகிறார்கள். நான் குளித்த தண்ணீரில்தான் துணி துவைக்கிறேன். நம் ஒன்பது பேரின் நிலம் இங்கிருந்து நாற்பது மைல். வழி கிடையாது. நாலு பக்கமும் அடுத்தவர் நிலம், அவர்களும் நம்மைப் போல எங்கேயோ இருப்பவர்கள், யாரும் வந்து பார்த்ததில்லை. இந்த நிலத்தை எழுபது வருடமாக இப்படித்தான் விற்கிறார்களாம். பார்க்காதவர்களுக்கு விற்பது, அவர்கள் வரி கட்டிக் கட்டிச் சலித்து விட்டுவிடுவது, கவுண்டி ஏலம் போடுவது, அதைக் காசுக்கு நாலாக எடுத்து இன்னொருவர் விற்பது. நெடுஞ்சாலை பற்றிச் சேரன் வருவதற்கு முன்பிருந்தே பேச்சு மட்டும் இருக்கிறது. சோலார் கம்பெனி வந்தது உண்மை. ஆனால் ஊருக்கு அந்தப் பக்கம், ஒரே ஆளிடம் மொத்தமாக வாங்கிக்கொண்டு வேலி போட்டுவிட்டது.

பத்திரம் உண்மைதான். எல்லாமே சட்டப்படி. சேரனைப் பிடிக்க எந்தப் போலீசாலும் முடியாது. அவன் வேறு மாநிலத்துக்குப் போய்விட்டான். முகவரி எனக்கும் தெரியாது. அப்படித்தான் சொல்லச் சொன்னான், ஆனால் உண்மையாகவே தெரியாது.

உன் முதல் கடிதம் வந்தபோது எனக்கு இதெல்லாம் தெரியும். "ஆன்ட்டி உன்ன நம்புவாங்கம்மா, ஆன்ட்டியை ஊரே நம்பும், இந்த ஒரு தடவைதான், இல்லன்னா என் வீட்டை பேங்க் எடுத்துடும்" என்றான். அவன் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து எழுதினேன். தண்ணீர் இருக்கிறது என்றும் எழுதிக் கொடுத்தான். அதை மட்டும் நான் எழுதவில்லை செல்வி. எழுதாமல் விட்டால் நீ பிடித்துக்கொள்வாய் என்று நினைத்தேன். நீ எதையும் விட மாட்டாயே.

அம்சா

*

திண்டிவனம்,
11 ஜூலை 2024

அம்சா,

உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. நான் பிடித்துக்கொள்வேன் என்று நினைத்தாய். உன்னுடைய பொய்யைக் கண்டுபிடிக்கும் வேலையையும் எனக்கே விட்டிருக்கிறாய். இதைப் படித்துவிட்டு ஒரு வாரம் மாதா கோயிலுக்குப் போகவில்லை.

என் தவறு என்ன என்று யோசித்துப் பார்த்தேன். நான் உத்தியோகத்தில் பார்த்த மோசடி எல்லாம் காகிதத்தில்தான் இருந்தது. ஒரே மனையை இரண்டு பேருக்கு விற்பது, இறந்தவரின் கைரேகை, ஏரிப் புறம்போக்குக்குப் பட்டா. நிலத்தைப் போய்ப் பார்க்கும் வேலை எனக்கு இருந்ததே இல்லை. வாங்குகிறவன் விடியற்காலையில் போய் நாலு மூலையும் நடந்து, மண்ணைக் கையில் உடைத்துப் பார்த்து, கிணற்றில் வாளி விட்டுக் குடித்துப் பார்த்த பிறகுதான் என்னிடம் காகிதத்தோடு வருவான். அதனால் நான் காகிதத்தை மட்டும் பார்த்தால் போதும். அதே பழக்கத்தில் அமெரிக்காவுக்கும் காகிதத்தைப் பார்த்தேன். அவர்களுடைய காகிதம் சுத்தம். மண்ணைப் பார்க்க வேண்டிய இடத்தில் நீ இருந்தாய்.

முதலில் மற்ற எட்டுப் பேரின் வீட்டுக்கும் ஆட்டோ வைத்துக்கொண்டு போய் நானே சொன்னேன். திட்டினார்கள். நடராசன்தான் திட்டவில்லை. "நீங்க பாத்துதானேம்மா சொன்னீங்க" என்றார். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம். அதன் பிறகு என் மேசைக்கு ஒரு பத்திரம்கூட வரவில்லை. எதிர்வீட்டு ஜெகதீசன் மனை வாங்குகிறார். பத்திரத்தை எடுத்துக்கொண்டு என் வாசலைக் கடந்து விழுப்புரத்து வக்கீலிடம் போகிறார். என்னைக் கண்டால் வணக்கம் வைக்கிறார்.

கடைசியாகத்தான் வீரம்மாளிடம் போனேன். தைரியம் வரவில்லை. அவள் அந்தப் பத்திரத்துக்கு லேமினேஷன் போட்டு மாதா படத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறாள்.

"வீரம்மா, அந்த நிலத்தில் தண்ணீர் கிடையாது. போக வழியும் கிடையாது. அதை யாரும் வாங்க மாட்டார்கள். நாம் ஏமாந்துவிட்டோம்" என்றேன்.

அவள் பத்திரத்தைத் திரும்பிப் பார்த்தாள். "நெலம் இல்லியாம்மா?"

"நிலம் இருக்கிறது."

"என் பேர்லதானே கீது?"

"உன் பேரில்தான்."

"அப்ப இன்னாம்மா? தண்ணி இல்லாத எடம் எங்களுக்கு புச்சா?"

அவளுக்குப் புரியவில்லை என்று நினைத்துத் திரும்பவும் விளக்கினேன். "புரிதும்மா, நான் ஒண்ணும் பச்சக் கொயந்த இல்ல" என்றாள். என் சேமிப்பிலிருந்து அவள் பங்கைத் தருகிறேன் என்றதற்கு, "நீங்க எதுக்கும்மா குடுக்கணும்? நீங்க இன்னா தப்பு பண்ணீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் காதில் வாங்கவில்லை.

இதற்கு மேல் ஒன்று. முதியோர் பென்ஷனுக்கு அவளுக்காக நான்தான் மனு எழுதிக் கொடுத்திருந்தேன். விசாரிக்க வந்தவர்களிடம் அவள் அக்கா மகன் வல்லரசு, டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, "எங்க சின்னம்மாவுக்கு அமெரிக்காவுல அஞ்சு ஏக்கர் கீது சார்" என்று பெருமை அடித்திருக்கிறான். சொத்து உள்ளவர் என்று எழுதி மனுவைத் தள்ளிவிட்டார்கள். நான் போய் வாதாடினேன். "பத்திரம் உண்மைதானேம்மா?" என்று கேட்டார்கள். உண்மைதான். நானே சரிபார்த்தது.

அந்த நிலத்தை என் பேருக்கு எழுதிக் கொடுத்துவிடு, மறுபடி மனு போடலாம், பென்ஷன் வரும் என்று அவளிடம் கெஞ்சினேன். நான் யாரிடமும் கெஞ்சியதில்லை.

"எழுதிக் குடுத்துட்டா எனக்கு இன்னாம்மா இருக்கும்?"

"பென்ஷன் இருக்கும்."

"அது நான் செத்தா நின்னு பூடும். நெலம் நிக்கும்ல?" என்று சொல்லிவிட்டு, எனக்கு டீ வாங்கிவர வீட்டுப் பையனை அனுப்பினாள். அவள் வீட்டில் இப்போது ஒரு வேளைச் சோறு அக்கா மருமகளின் முகத்தைப் பார்த்துத்தான். அப்படியும் நான் சொன்னது அவளிடம் எடுபடவில்லை.

எழுந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டாள். அதற்காகத்தான் இந்தக் கடிதம், இல்லாவிட்டால் எழுதியிருக்க மாட்டேன். "உங்க சிநேகிதம்மா அங்கதானே கீறாங்க. ஒரு தபா என் நெலத்துல போயி நின்னு ஒரு ஃபோட்டோ புடிச்சி அனுப்பச் சொல்லுங்கம்மா. நான் எங்க போயி பாக்கப் போறேன்."

நிலத்தின் எண்ணும் வரைபடமும் இதோடு வைத்திருக்கிறேன். எப்படியாவது போ. யாரிடமாவது வண்டி கேள். உன்னிடம் நான் கேட்கப்போவது இது ஒன்றுதான்.

செல்வி

*

ஹாலோவே கவுண்டி,
6 அக்டோபர் 2024

செல்வி,

புகைப்படம் இதோடு இருக்கிறது.

உன்னிடம் இனி ஒரு பொய்யும் சொல்லக்கூடாது என்று இருப்பதால் சொல்லிவிடுகிறேன். அது வீரம்மாளின் நிலம் இல்லை. தண்ணீர் லாரி ஓட்டும் பெண்ணிடம் கேட்டேன். அவள் நல்லவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை ஏற்றிக்கொண்டு போனாள். இருபத்தைந்து மைலோடு சாலை நின்றுவிட்டது. அதற்கு மேல் கல்லும் பள்ளமும்தான். வண்டி போனால் திரும்பாது என்றாள். இறங்கி நடக்கலாமா என்று கேட்டேன். அவள் என் காலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கதவைச் சாத்தினாள்.

அதனால் திரும்பி வந்து என் வீட்டுக்குப் பின்னால் நின்றேன். அவள்தான் எடுத்தாள். வீடு தெரியாத மாதிரி எடுக்கச் சொன்னேன். நீ சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. இங்கே எல்லா மண்ணும் ஒரே மண்தான் செல்வி, கையில் எடுத்துப் பார்த்தால் வித்தியாசமே இல்லை. வீரம்மாளிடம் கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம். கிழித்துப் போட்டாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

இந்த வீட்டுக்குச் சேரன் கட்டிவந்த வாடகை நின்றுவிட்டது. டிசம்பர் கடைசியில் கவுண்டிக்காரர்கள் என்னை முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோகிறார்கள். நாயை அங்கே விட மாட்டார்களாம். முகவரி கீழே எழுதியிருக்கிறேன். அங்கே யாருக்கும் தமிழ் தெரியாது.

பன்னிரண்டு வயதில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது நீதான் என் படுக்கையைச் சரிசெய்து, என் நோட்டையும் எழுதி முடித்தாய். எனக்கு உன்னைவிட்டால் யாரும் இல்லை. மன்னித்தேன் என்று எழுத வேண்டாம். திட்டியாவது எழுது. மாதம் ஒன்று. தேதி போட்டு.

உன்,
அம்சா

*

திண்டிவனம்,
3 டிசம்பர் 2024

அம்சவள்ளி,

உன் கடிதமும் புகைப்படமும் வந்தன. புயலில் நான்கு நாள் தபால் வரவில்லை. தெருவில் இடுப்பளவு தண்ணீர். இன்று காலைதான் வடிந்தது. வீரம்மாள் சேற்றை மிதித்துக்கொண்டு தானே வந்தாள், தபால்காரர் வெளிநாட்டு உறை கொண்டுவந்ததை யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

கிழித்துவிடலாம் என்று எடுத்து வைத்திருந்தேன். அதற்குள் அவள் வாசலில் நின்றாள்.

புகைப்படத்தை ஈரக் கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள். உன்னைத்தான் முதலில் பார்த்தாள். "இவங்கதானாம்மா? பாவம், எளச்சிப் பூட்டாங்க." பிறகு உன் காலடியைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். "கல்லைப் பொறுக்கிட்டா நல்ல மண்ணு" என்றாள். பிறகு நிமிர்ந்து என்னைக் கேட்டாள், "இவங்க நிக்கறது என் நெலத்துலதானேம்மா?"

நீ சொன்னது சரி. நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது.

"ஆமாம்" என்றேன்.

அதோடு அவள் விடவில்லை. புகைப்படத்தைத் திருப்பி மேசைமேல் வைத்தாள். "பின்னாடி எழுதிக் குடுங்கம்மா. வல்லரசு பொண்டாட்டி இது சும்மா எங்கியோ புடிச்சதும்பா. நீங்க எழுதிட்டா யாரும் வாயத் தெறக்க மாட்டாங்க." இந்த ஊரில் என் எழுத்தை நம்ப இன்னும் ஒருத்தி இருக்கிறாள்.

பேனாவை எடுத்தேன். நிலத்தின் எண், பரப்பு, கவுண்டியின் பெயர், 'இப்படத்தில் காண்பது மேற்படி வீரம்மாளுக்குப் பாத்தியப்பட்ட நிலமே' என்று எழுதி, முழுப் பெயரும் தேதியும் போட்டுக் கையெழுத்திட்டேன். உண்மையான பத்திரத்தைச் சரி என்று சொல்லி ஒன்பது பேரை அழித்தேன். இதைப் பொய் என்று தெரிந்தே எழுதினேன், அவள் அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு போனாள். எது பெரிய தவறு என்று எனக்குத் தெரியவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் இதைச் சொல்லலாமா என்றும் தெரியவில்லை. சொன்னால் அவளிடம் உண்மையைச் சொல் என்பார்கள்.

மாதம் ஒரு கடிதம் கேட்டிருக்கிறாய். என்னால் முடியாது. உன்மேல் உள்ள கோபத்தால் இல்லை, அது எப்போதோ ஓய்ந்துவிட்டது. உன் எழுத்தைப் பார்த்தால் என் எழுத்து ஞாபகம் வருகிறது. இனி உறை வந்தால் பிரிக்காமல் திருப்பச் சொல்லித் தபால்காரரிடம் சொல்லிவிடப் போகிறேன். இது என் கடைசிக் கடிதம்.

வீரம்மாள் உனக்குச் சொல்லச் சொன்னதை மட்டும் சொல்லிவிடுகிறேன். நீ தனியாக இருப்பதையும், உன்னை இல்லத்தில் சேர்க்கப் போவதையும் அவளிடம் சொன்னேன். வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள். "எதுக்கும்மா அவங்க அங்கல்லாம் போவணும்? என் நெலத்துல ஒரு கொட்டாய் போட்டுக்கினு இருக்கச் சொல்லுங்க. அம்மாம் பெரிய எடத்துல ஒருத்தி இருந்தா இன்னா கொறஞ்சிடப் போவுது? யாராச்சும் கேட்டா, வீரம்மா சொல்லிக்கீதுன்னு சொல்லச் சொல்லுங்க."

இப்படிக்கு,
ம. ஆரோக்கியசெல்வி